பாடம்: உங்கள் ஊரின் கணினி வரைபடத்தை வாசித்தல்

மீள்குடியேற்றக் கூட்டங்களில் அலுவலர்கள் மடிக்கணினியில் உங்கள் கிராம அலுவலர் பிரிவின் வரைபடத்தைத் திறந்து, வீதி, குளம், கிணறு, மிதிவெடி அகற்றப்பட்ட இடம் என ஒவ்வொன்றாகக் காட்டுவார்கள். கியூஜிஐஎஸ், ஆர்க்ஜிஐஎஸ் போன்ற மென்பொருள்கள் இதற்குப் பயன்படுகின்றன. மென்பொருள் எதுவாயினும் அதன் சொற்களும் கருவிகளும் பெரும்பாலும் ஒன்றே. அவற்றை அறிந்துகொண்டால் நீங்களும் கேள்வி கேட்கலாம்.

அடுக்கு
கணினி வரைபடம் ஒரே படம் போலத் தெரிந்தாலும், அது ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த கண்ணாடித் தாள்களைப் போன்றது. வீதிகள் ஒரு தாளில், குளங்கள் இன்னொன்றில், மிதிவெடி அபாயப் பகுதிகள் வேறொன்றில் இருக்கும். திரையின் ஓரத்திலுள்ள சிறு பெட்டியில் சரி அடையாளத்தை எடுத்துவிட்டால் அந்த அடுக்கு மறைந்துவிடும். அபாய அடுக்கு மறைந்திருந்தால் ஊர் முழுவதும் வெடி இல்லாதது போலத் தோன்றும். ஆகவே, “எல்லா அடுக்குகளும் திறந்திருக்கின்றனவா?” என்று முதலில் கேளுங்கள்.

குறிவிளக்கம்
எந்த நிறம் எதைக் குறிக்கிறது என்பதை வரைபடத்தின் ஓரத்திலுள்ள குறிவிளக்கம் சொல்லும். ஒரு வரைபடத்தின் நிறங்களே மற்றொன்றிலும் இருக்கும் என்று எண்ண வேண்டாம். ஒவ்வொரு முறையும் இதை வாசித்த பின்னரே படத்தைப் பாருங்கள்.

புள்ளி, கோடு, பல்கோணி
கிணறு, பாடசாலை என்பன புள்ளியாகவும், வீதி, வாய்க்கால் என்பன கோடாகவும், குளம், வயல், அபாயப் பகுதி என்பன பல்கோணியாகவும் வரையப்படும்.

விபர அட்டவணை
ஒவ்வொரு வடிவத்துக்கும் பின்னால் ஓர் அட்டவணை உண்டு. இனங்காணும் கருவியால் ஒரு பல்கோணியை அழுத்தினால், பதியப்பட்டிருக்கும் பெயர், நிலை, திகதி முதலியன தெரியும். திகதியைக் கட்டாயம் கேளுங்கள். அதற்குப் பின் நடந்த மாற்றம் எதுவும் அந்தப் படத்தில் இராது.

அளவுத்திட்டம்
1:50,000 வரைபடத்தில் 1 சென்ரிமீற்றர் நிலத்தில் 500 மீற்றர் ஆகும். உங்கள் வளவு அதில் ஒரு துளிகூட இராது. 1:10,000 வரைபடத்தில் 1 சென்ரிமீற்றர் 100 மீற்றர். திரையில் எவ்வளவு பெருப்பித்துப் பார்த்தாலும், முதலில் பதியாத விபரம் புதிதாக வந்துவிடாது.

ஆள்கூறு
அகலக்கோடு, நெடுங்கோடு ஆகிய இரு எண்களால் ஓர் இடத்தைக் குறிப்பது ஆள்கூறு. கிளிநொச்சி நகரம் ஏறத்தாழ வடக்கு 9.4 பாகை, கிழக்கு 80.4 பாகையில் உள்ளது. கையடக்க ஜிபிஎஸ் கருவி சில மீற்றர் பிழை காட்டக்கூடும். ஒரு பரப்புக் காணி சதுரமாக இருந்தால் அதன் பக்கம் ஏறத்தாழ 16 மீற்றர் மாத்திரமே. 5 மீற்றர் பிழை அதில் மூன்றிலொரு பங்குக்குச் சமம். எனவே இந்த வரைபடத்தைக் காட்டி அயலவருடன் வேலி எல்லைக்கு வாதாட வேண்டாம். எல்லைக்கு உங்கள் உறுதி அல்லது அனுமதிப்பத்திரமும் நில அளவையாளரின் படமுமே ஆதாரம்.

அளவிடும் கருவி
இரு இடங்களை அழுத்தினால் இடைத்தூரம் தெரியும். உங்கள் கிணற்றிலிருந்து, பிள்ளைகள் பாடசாலைக்கு நடக்கும் பாதையிலிருந்து, விறகு எடுக்கும் இடத்திலிருந்து அபாயப் பகுதி எவ்வளவு தூரம் என்று அளந்து காட்டச் சொல்லுங்கள்.

பயிற்சி
கூட்டத்துக்கு முன் ஒரு தாளில் உங்கள் வீடு, கிணறு, கோயில் அல்லது தேவாலயம், குளக்கட்டு, வயல் பாதை ஆகியவற்றை வரைந்து கொண்டு செல்லுங்கள். அவை திரையில் இருக்கின்றனவா என ஒப்பிட்டுப் பாருங்கள். விடுபட்டதை அங்கேயே சொல்லுங்கள். ஊரை நன்கு அறிந்தவர்கள் நீங்கள்தான்.

மறக்க வேண்டாம்
வரைபடத்தில் நிறமில்லாத இடம் என்றால் அங்கு ஒன்றும் பதியப்படவில்லை என்பதே பொருள். அது பாதுகாப்பான இடம் என்று எவரும் உறுதி தரவில்லை. வரைபடம் ஒன்றும் நிலத்திலுள்ள எச்சரிக்கைப் பலகை வேறொன்றும் சொன்னால், பலகையையே நம்புங்கள். உள்ளே போகாமல், வந்த வழியே திரும்பி வந்து கிராம அலுவலருக்கு அறிவியுங்கள்.