ஆரம்பசூரர்களுக்கு ஒரு யோசனை

ஜனவரியில் ஓராண்டுக்கு மொத்தமாகக் கட்டினால் ஜிம்களில் தள்ளுபடி கிடைக்கும். மார்ச்சில் நம்மில் பாதிப் பேர் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கமாட்டோம் என்பது அவர்களுக்குத் தெரியும். நமக்குத்தான் தெரிவதில்லை.

உற்சாகமாக இருக்கும் நாளில் உட்கார்ந்து திட்டம் போடுகிறோமே, அங்கேதான் கோளாறு. தினம் ஒரு மணி நேரம் என்று அன்று எழுதிவைத்தது, சாஃப்ட்வேர் ரிலீஸ் வாரத்திலோ ஆண்டுக் கணக்கு முடிக்கும் நாட்களிலோ நடக்காது. இரவு பத்து மணிக்கு வீடு திரும்பி, சாப்பிடக்கூட அலுப்பாக இருக்கும் நாளில் எதைச் செய்ய முடியுமோ அதை எழுதுங்கள். பத்துத் தோப்புக்கரணம், சுவரில் கை ஊன்றிப் பத்துத் தண்டால், மாடிப்படியில் இரண்டு முறை ஏறி இறங்குவது. ஐந்து நிமிடம் போதும். தெம்பிருக்கும் நாளில் எவ்வளவு வேண்டுமானாலும் கூட்டிக்கொள்ளலாம். இதற்குக் கீழே மட்டும் இறங்கக் கூடாது. (காய்ச்சல் நாள் கணக்கில் வராது. அன்று படுத்துத் தூங்குங்கள்.)

ஐந்து நிமிடத்தில் என்ன ஆகிவிடப்போகிறது என்று கேட்பீர்கள். பெரியவர்களுக்கு வாரம் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடலுழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரே மூச்சில் 10 நிமிடமாவது செய்தால்தான் அது சேரும் என்று முன்பு சொல்லிவந்தார்கள். 2020 வழிகாட்டுதலில் அந்த நிபந்தனையே இல்லை. துண்டு துண்டாகச் செய்தாலும் சேரும்.

அடுத்தது, நேரம். ஷிப்ட் மாறிக்கொண்டே இருப்பவர்களுக்குக் காலை ஆறு மணி என்பது ஒரு வாரம் விடியல், மறுவாரம் நடுத்தூக்கம். அதனால் கடிகாரத்தை விட்டுவிட்டு, தினமும் தவறாமல் நடக்கிற ஏதாவது ஒன்றோடு முடிச்சுப் போடுங்கள். பல் துலக்கியதும், கேப் ஏறுவதற்கு முன், ஆபீஸ் உடையை மாற்றிய கையோடு என்று எதுவானாலும் சரி. தினமும் அதே இடத்தில் வர வேண்டும்.

21 நாளில் எதுவும் பழக்கமாகிவிடும் என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்பாதீர்கள். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2009இல் வெளியானது. ஒரு செயல் தானாக நடக்கும் அளவுக்குப் பழக்கமாக, ஆளையும் செயலையும் பொறுத்து 18 நாள் முதல் 254 நாள் வரை ஆகும் என்று கணக்கிட்டார்கள். தண்ணீர் குடிப்பது போன்றவை சீக்கிரம் படிந்தன. உடற்பயிற்சிக்குத்தான் அதிக நாள் பிடித்தது. இடையில் ஒரு நாள் தவறியதால் பெரிய பாதிப்பில்லை என்றும் கண்டார்கள். ஆகவே ஒரு நாள் விட்டதற்காகப் புலம்ப வேண்டியதில்லை. மறுநாளும் விடாமல் இருந்தால் சரி.

பிடித்த ஒன்றைப் பயிற்சிக்கென்றே ஒதுக்கிவைப்பதும் உதவும். அமெரிக்காவில் கேட்டி மில்க்மன் குழுவினர், விறுவிறுப்பான ஒலிநாவல்களை ஜிம்மில் மட்டுமே கேட்க விட்டார்கள். ஆரம்பத்தில் வருகை கூடியது. நன்றி நவிலும் நாள் விடுமுறை வந்ததும் பலன் கரைந்தது. நமக்கும் தீபாவளி, பொங்கல் லீவுதான் கண்டம். ஊருக்கு டிக்கெட் போடும்போதே, திரும்பி வந்து எந்த நாளில் தொடங்குவது என்பதையும் காலண்டரில் குறித்துவிடுங்கள்.