கூரை சோலாரா, காற்றாலைப் பங்கா, பேட்டரியா? ஒரகடம் சிற்றாலைகளுக்கு ஒரு வழிகாட்டி

ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் வட்டாரத்துப் பெரிய ஆலைகள் தங்கள் வழியைத் தேர்ந்துகொண்டுவிட்டன. இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய், 75 மெகாவாட் சூரிய மின்சாரமும் 43 மெகாவாட் காற்று மின்சாரமும் தரவுள்ள நிறுவனத்தில் 26 விழுக்காடு பங்கு எடுக்க 2024 டிசம்பரில் ஒப்பந்தம் செய்தது. அவர்களுக்கு உதிரிபாகம் செய்துதரும் பிரஸ் ஷாப், மோல்டிங், மெஷினிங் யூனிட்டுகளுக்குத்தான் குழப்பம். வாடிக்கையாளர் பசுமை மின்சாரக் கணக்குக் கேட்கிறார். கரண்ட் பில் மாதாமாதம் கையைக் கடிக்கிறது. இந்த வழிகாட்டி அவர்களுக்காக.

முதலில் உங்கள் லோடு

விலை விசாரிக்குமுன் ஓராண்டு பில்லையும் மீட்டரின் நேரவாரிப் பதிவையும் எடுத்து வையுங்கள். பகலில் எவ்வளவு, மாலை 6 முதல் 10 வரை எவ்வளவு, இரவில் எவ்வளவு, ஞாயிறு எவ்வளவு? உயரழுத்த (எச்.டி.) இணைப்புக்கு உச்ச நேர யூனிட்டுக்கு 25 விழுக்காடு கூடுதல் கட்டணம் உண்டு. எந்த வழி உங்களுக்குப் பொருந்தும் என்பதை இந்த நேரக்கணக்குதான் முடிவு செய்யும்.

கூரை சோலார்

நிழல் விழாத 10,000 சதுர அடிக் கூரையில் ஏறத்தாழ 100 கிலோவாட் அமைக்கலாம். ஆண்டுச் சராசரியாக நாளொன்றுக்கு 400 யூனிட் கிடைக்கும். பகல் ஷிப்ட் ஓடும் ஆலைக்கு இதுவே முதல் தேர்வு. கூரை ஷீட்டும் டிரஸ்ஸும் எடை தாங்குமா என்று பொறியாளரைக் கொண்டு பாருங்கள். மின்வாரியத்தின் நெட்வொர்க் கட்டணம் இருந்தால் அதையும், லாரிப் புழுதியைக் கழுவ ஆகும் செலவையும் கணக்கில் சேருங்கள்.

பலர் அறியாத ஒன்று: கரண்ட் போனால் சாதாரண கூரை சோலாரும் நின்றுவிடும். லைனில் வேலை செய்யும் ஊழியரின் உயிரைக் காக்க இன்வெர்ட்டர் அப்படித்தான் அமைக்கப்பட்டிருக்கிறது. மின்வெட்டு நேரத்திலும் அது ஓட வேண்டுமானால் பேட்டரியோ ஜெனரேட்டரோ துணைக்கு வேண்டும்.

காற்றாலைப் பங்கு

மூன்று ஷிப்ட் ஓடும் ஆலைக்குக் கூரை போதாது. முப்பந்தல், கயத்தாறு பக்கத்துக் காற்று இரவிலும் வீசுகிறது. 2005 மின்சார விதிகளின்படி, பயன்படுத்துவோர் சேர்ந்து உற்பத்தி நிலையத்தில் குறைந்தது 26 விழுக்காடு பங்கு வைத்து, ஆண்டு உற்பத்தியில் குறைந்தது 51 விழுக்காட்டை எடுத்துக்கொண்டால் அது சொந்த உற்பத்தியாகக் கருதப்படும். குறுக்கு மானியக் கூடுதல் கட்டணம் விழாது. இந்த அளவு தவறினால் அந்தச் சலுகை போய்விடும்.

காற்று மே முதல் செப்டம்பர் வரை அள்ளித் தரும். வடகிழக்குப் பருவமழை மாதங்களில் காற்றும் தளரும், வெயிலும் மங்கும். அதனால் வாரிய இணைப்பு வேண்டியிருக்கும். டிமாண்ட் சார்ஜும் தொடரும். மிஞ்சிய யூனிட்டை எத்தனை நாள் கணக்கில் வைக்கலாம், எடுக்காத மின்சாரத்துக்கும் பணம் கட்ட வேண்டுமா என்று கையெழுத்துக்கு முன் கேளுங்கள்.

பசுமைக் கட்டணம்

வழக்கமான கட்டணத்தோடு கூடுதல் தொகை கட்டி வாரியத்திடமே பசுமை மின்சாரம் கேட்பது இன்னொரு வழி. முதலீடு இல்லை, பில்லும் குறையாது. வாடகை ஷெட்டில் இருப்பவர்களுக்கும், வாடிக்கையாளருக்கு உடனே கணக்குக் காட்ட வேண்டியவர்களுக்கும் இது ஏற்றது.

பேட்டரியா, ஜெனரேட்டரா?

ஒரு லிட்டர் டீசலில் 3 முதல் 3.5 யூனிட் வரும். லிட்டர் 90 ரூபாய்க்கு மேல் விற்கும்போது எரிபொருள் மட்டுமே யூனிட்டுக்கு 25 ரூபாய் தாண்டும். ஜெனரேட்டர் பிடிப்பதற்குள் சில நொடி போய்விடும், அதற்குள் சி.என்.சி. நின்று பாகம் வீணாகும். தக்க மின்மாற்று அமைப்புள்ள பேட்டரி கண்ணிமைப்பதற்குள் லோடை ஏற்கும்.

ஆனால் உச்ச நேரக் கூடுதல் கட்டணத்தை மிச்சம் பிடிக்க மட்டும் பேட்டரி வாங்காதீர்கள்; போட்ட பணம் திரும்புவது கடினம். டீசலைக் குறைத்தல், டிமாண்ட் உச்சத்தைத் தணித்தல், ஞாயிறன்று மிஞ்சும் சோலாரைச் சேமித்தல் ஆகிய மூன்றும் சேர்ந்தால் கணக்கு நேராகும். கிலோவாட் என்பது எவ்வளவு லோடு ஏற்கும் என்பது. கிலோவாட்-மணி என்பது எவ்வளவு மின்சாரம் சேமிக்கும், அதனால் எவ்வளவு நேரம் தாங்கும் என்பது. விலைப்புள்ளியில் இரண்டையும் தனித்தனியே எழுதி வாங்குங்கள். வெப்பம் தாங்கும் லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகையைத் தேர்ந்து, 2015 வெள்ளத்தை மனத்தில் வைத்து உயரமான மேடையில் வையுங்கள். பல மணி நேர வெட்டுக்கு ஜெனரேட்டர் இருக்கட்டும்.

யாருக்கு எது?

பகல் ஷிப்ட், சொந்தக் கூரை: கூரை சோலார்.
மூன்று ஷிப்ட், எச்.டி. இணைப்பு: கூரையோடு காற்றாலைப் பங்கு.
வாடகை ஷெட்: பங்கு அல்லது பசுமைக் கட்டணம்.
நொடி வெட்டும் தாங்காத இயந்திரம்: அந்த லைனுக்கு மட்டும் பேட்டரி.

2022 பசுமைத் திறந்த அணுகல் விதிகள், வெளியிலிருந்து பசுமை மின்சாரம் வாங்குவதற்கான வரம்பை 1 மெகாவாட்டிலிருந்து 100 கிலோவாட்டாகக் குறைத்தன. சிறியவர்களுக்குக் கதவு திறந்துவிட்டது. தனித்தனியே போனால் பேரம் பேசும் பலம் இருக்காது. ஒரே சிப்காட்டில் உள்ள பத்துப் பதினைந்து யூனிட்டுகள் சேர்ந்து லோடுக் கணக்கைத் தொகுத்து, பொதுவாக ஒரு பொறியாளரையும் வழக்கறிஞரையும் அமர்த்திப் பேசினால் நல்ல விலையும் நியாயமான ஒப்பந்தமும் கேட்டுப் பெறலாம். அடுத்த சங்கக் கூட்டத்தில் முதல் பொருளாக இதை வையுங்கள்.