நெட்வொர்க்குக்கு நிரல் எழுத வரும் பிள்ளைகளுக்கு

1. உயர்நிலை மொழிக்குத் தாவும் முன் ஓப்பன்ஃப்ளோ ரூல்களைக் கையால் எழுதிப் பழகுங்கள். ஸ்விட்சுக்குள் இருக்கும் அட்டவணையை வெளியே உள்ள கண்ட்ரோலர் நிரப்பலாம் என்று ஸ்டான்ஃபோர்டின் நிக் மெக்கியோனும் கூட்டாளிகளும் 2008-இல் எழுதினார்கள்; அதுதான் ஓப்பன்ஃப்ளோ. எந்தப் பாக்கெட், அதை என்ன செய்வது, முன்னுரிமை எவ்வளவு: ஒரு ரூலில் முக்கியமானவை இவைதான். ஸ்விட்ச் வாங்கப் பணம் தேவையில்லை. உங்கள் லேப்டாப்பில் மினிநெட் என்ற எமுலேட்டர் போதும்.

2. பிறகு, இரண்டு வேலைகளை ஒரே ஸ்விட்சில் சேர்த்துப் பாருங்கள். மற்ற எல்லாவற்றையும்விட இதை வற்புறுத்திச் சொல்கிறேன். முதல் வேலை எளிது: 1-ஆம் போர்ட்டில் வருவதை 2-க்கு அனுப்பு, 2-இல் வருவதை 1-க்கு அனுப்பு. இரண்டாவது வேலை, 2-இல் வரும் வெப் பாக்கெட்டுகளை, அதாவது மூல டிசிபி போர்ட் 80 உள்ளவற்றை, எண்ணுவது. தனித்தனியாக இரண்டும் சரியாக ஓடும். சேர்த்துப் போட்டால் கெடும். ஏனென்றால், பொருந்தும் ரூல்களில் முன்னுரிமை கூடிய ஒன்றை மட்டுமே ஸ்விட்ச் செயல்படுத்தும். அனுப்பும் ரூல் மேலே இருந்தால் எண்ணிக்கை பூஜ்யம்; எண்ணும் ரூல் மேலே இருந்தால் வெப் பாக்கெட் போய்ச் சேராது. ‘2-இல் வரும் வெப் பாக்கெட்டை எண்ணி, 1-க்கும் அனுப்பு’ என்று புதிதாக ஒரு ரூலை நீங்களே யோசித்து எல்லாவற்றுக்கும் மேலே வைக்க வேண்டும். வேலைகள் பத்தானால் மனிதத் தலைக்கு அடங்காது. ரூல்களை இப்படிப் பெருக்கிச் சேர்க்கும் வேலையைக் கம்பைலரிடம் விடுவதற்காகத்தான் 2011-இல் ஃப்ரெனடிக் மொழியும், அதன் வழியில் 2013-இல் பைரெடிக்கும் வந்தன. கார்னெல், பிரின்ஸ்டன் பல்கலைக்கழகங்களின் நேட் ஃபாஸ்டர், ஜெனிஃபர் ரெக்ஸ்ஃபோர்ட், டேவிட் வாக்கர் குழுவின் உழைப்பு அது.

3. பக்கவாட்டில் சேர்ப்பது வேறு, அடுத்தடுத்துச் சேர்ப்பது வேறு. எண்ணுவதும் அனுப்புவதும் பக்கவாட்டில் நிற்கலாம். லோட் பேலன்சர் அப்படியல்ல. அது சேருமிட முகவரியை மாற்றிய பிறகே வழி தேட வேண்டும். வரிசையைத் தப்பாக எழுதினால் கம்பைலர் உங்களைக் காப்பாற்றாது.

4. ‘இந்த ஒரு முகவரி தவிர மற்ற எல்லாம்’ என்பதை ஓப்பன்ஃப்ளோவின் ஒரே ரூலில் சொல்ல முடியாது. நல்ல மொழியில் ஒரு குறி போதும். அந்தக் குறி கீழே எத்தனை ரூல்களாக விரிகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். வன்பொருள் ஸ்விட்சின் அட்டவணை சிறியது.

5. முதல் பாக்கெட் கண்ட்ரோலருக்கு வந்து, நீங்கள் ரூல் அனுப்பி, அது ஸ்விட்சில் பதிவதற்குள் இரண்டாவதும் மூன்றாவதும் வந்து நிற்கும். அவற்றைப் புதியவை என்று நினைத்து எழுதிய நிரல்கள் எத்தனையோ உடைந்திருக்கின்றன. ஃப்ரெனடிக்கில் எல்லாப் பாக்கெட்டையும் பார்ப்பதாகவே எண்ணிக் கேள்வியை எழுதலாம். மிஞ்சியவற்றை அதன் இயக்கநேர அமைப்பு கழித்துவிடும்.

6. ஓடிக்கொண்டிருக்கும் நெட்வொர்க்கில் கொள்கையை ஸ்விட்ச் ஸ்விட்சாக மாற்றாதீர்கள். பாதிப் பழையது, பாதிப் புதியது என்ற அந்த இடைவெளியில், ஃபயர்வால் தடுக்க வேண்டிய பாக்கெட் உள்ளே நுழைந்துவிடும். இதற்கான வழி 2012-லேயே எழுதப்பட்டுவிட்டது. புதிய ரூல்களைப் புதுப் பதிப்பெண்ணோடு முதலில் உள் ஸ்விட்சுகளில் வையுங்கள். பிறகு நுழைவாயில் ஸ்விட்சுகள் பாக்கெட்டுகளில் அந்த எண்ணைக் குத்தட்டும். பழைய பாக்கெட்டுகள் வெளியேறிய பின் பழைய ரூல்களை நீக்குங்கள். சிறிது நேரம் அட்டவணையில் இரண்டு மடங்கு இடம் பிடிக்கும். அந்த விலையைக் கொடுக்கலாம்.

7. கணக்குக்குப் பயப்படாதீர்கள். 2014-இல் வந்த நெட்கேட் மொழி, டெக்ஸ்டர் கோசனின் இயற்கணிதத்தின் மேல் எழுந்தது. இரண்டு கொள்கைகள் ஒன்றா என்பதையும், இந்தக் கணினியிலிருந்து அந்தக் கணினிக்குப் பாக்கெட் போகுமா என்பதையும் ஓட்டிப் பார்க்காமலே அதில் நிரூபிக்கலாம்.

8. பி4 மொழியை இவற்றோடு குழப்பாதீர்கள். ஸ்விட்ச் பாக்கெட்டை எப்படிப் பிரித்துப் படிக்க வேண்டும், எந்த அட்டவணைகளில் தேட வேண்டும் என்பதையே அது வரையறுக்கிறது. அட்டவணையை நிரப்புவது அப்போதும் கண்ட்ரோலரின் வேலைதான்.

9. இந்த வாரமே மினிநெட்டில் ஒரு ஸ்விட்ச், இரண்டு கணினிகள் வைத்து, இரண்டாம் அறிவுரையில் சொன்ன ரூல்களை எல்லாம் கையால் எழுதிப் பாருங்கள். பைரெடிக் கட்டுரையை அதற்குப் பிறகு திறவுங்கள்.