நாய் வகையும் நோயெதிர்ப்புச் சிகிச்சையும்

பினாங்குத் தெருக்களில் திரியும் நாயும் வீட்டுக் காவலுக்கு வளர்க்கப்படும் பாக்சர் நாயும் ஒரே உயிரினத்தைச் சேர்ந்தவையே. ஆயினும், அவற்றின் உருவமும் குணமும் மட்டுமன்றி, அவற்றை அதிகம் தாக்கும் நோய்களும் வேறுபடுகின்றன. விரும்பிய தோற்றத்தைப் பெறுவதற்காக மனிதர்கள் நெருங்கிய உறவுடைய நாய்களையே தலைமுறை தலைமுறையாக இணைசேர்த்தனர். அதனால், அழகோடு சில குறைபாடுகளும் மரபுவழி வந்து சேர்ந்தன. தமிழ்நாட்டின் இராசபாளையம் வகையில் சில குட்டிகள் காது கேளாமல் பிறப்பது இதற்கு எடுத்துக்காட்டாகும்.

மூளைப் புற்றுநோய்க்கும் இது பொருந்தும். நரம்பணுக்களுக்குத் துணைபுரியும் உயிரணுக்களில் தோன்றும் கட்டியைக் 'கிளையோமா' என்பர். தட்டையான முகமுடைய பாக்சர், பாஸ்டன் டெரியர், பிரெஞ்சு புல்டாக் ஆகிய வகைகளில் இக்கட்டி அதிகமாகக் காணப்படுகிறது. 2016ஆம் ஆண்டு வெளிவந்த ஓர் ஆய்வு, நாயின் 26ஆம் குரோமோசோமில் இந்நோயோடு தொடர்புடைய பகுதி ஒன்றைக் கண்டறிந்தது.

இந்நோய்க்கு அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் புதிய சிகிச்சைமுறை ஒன்று ஆராயப்பட்டது. முதலில் அறுவைச் சிகிச்சையின்வழி கட்டி அகற்றப்படும். பின்னர், அதே கட்டியின் உயிரணுக்களிலிருந்து தடுப்பூசி தயாரித்து அந்நாய்க்கே செலுத்துவர். எஞ்சியுள்ள புற்றணுக்களை அடையாளம் கண்டு அழிக்க, உடலின் எதிர்ப்பாற்றலுக்கு இது பயிற்சியளிக்கிறது.

பகைவனை அடையாளம் காட்டும் பணியைச் சில மரபணுக்கள் செய்கின்றன. இவை ஒரே வகை நாய்களிடையே பெரிதும் ஒத்திருக்கின்றன; வகைக்கு வகை மாறுபடுகின்றன. எனவே, ஒரு வகை நாய்க்குப் பலன் தந்த மருந்து மற்றொரு வகைக்கும் அதே பலனைத் தரும் எனக் கருதிவிட முடியாது. மருந்து பெற்ற குழுவில் பாக்சர் நாய்களும், பெறாத குழுவில் கலப்பின நாய்களும் மிகுந்திருந்தால், கிடைத்த பலனுக்குக் காரணம் மருந்தா, மரபா என்பது விளங்காது. ஆகவே, இத்தகைய ஆய்வுகளில் நாயின் வயதோடும் கட்டியின் தன்மையோடும் அதன் வகையையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

இவ்வாய்வுகளால் மனிதர்களும் பயனடையக்கூடும். ஆய்வுக்கூட எலிகளுக்குப் பெரும்பாலும் கட்டி செயற்கையாக உண்டாக்கப்படுகிறது. வளர்ப்பு நாய்களுக்கோ மனிதர்களைப் போலவே அது தானாகத் தோன்றுகிறது. அவை நம்மோடு ஒரே வீட்டில் வாழ்ந்து, ஒரே காற்றைச் சுவாசிக்கின்றன. ஒருவரின் மரபுக்கேற்ற மருந்தைத் தேர்ந்தெடுக்கும் வழியை இந்த நன்றியுள்ள தோழன் நமக்குக் காட்டக்கூடும்.