கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ்: விலையை வைத்து முடிவு செய்யாதீர்கள்

"மல்டிஃபோகல் லென்ஸ் வெச்சுக்கிட்டா ஆயுசுக்கும் கண்ணாடியே வேண்டாம்." தஞ்சாவூர்ப் பக்கம் புரை ஆபரேஷனுக்கு நாள் குறிக்கும் வீடுகளில் அடிக்கடி கேட்கிற பேச்சு இது. பாதிதான் உண்மை. தூரம், கிட்டம் இரண்டும் தெரியும், கண்ணாடியின் தேவை வெகுவாகக் குறையும். ஆனால் மருந்து அட்டையின் பொடி எழுத்தைப் படிக்கவோ, மங்கிய வெளிச்சத்தில் ஊசியில் நூல் கோர்க்கவோ சிலருக்குக் கண்ணாடி வேண்டியிருக்கும்.

"விலை கூடினால் பார்வையும் கூடும்" என்பதுதான் என்னை அதிகம் வருத்துகிறது. அப்பாவுக்கு நல்லது செய்வதாக நினைத்து நகையை அடகு வைக்கிற பிள்ளைகள் உண்டு. அரசு மருத்துவமனையில் இலவசமாக வைக்கும் லென்ஸ் ஒரே தூரத்துக்கானது. கண்ணின் மற்ற பகுதிகள் நன்றாக இருந்தால் அதில் தூரப் பார்வை தெளிவாகவே கிடைக்கும். படிக்க மட்டும் கண்ணாடி. மல்டிஃபோகலோ, ஒரே வாய்க்கால் தண்ணீரை இரண்டு வயலுக்குத் திருப்புவதுபோல ஒளியைத் தூரத்துக்கும் கிட்டத்துக்கும் பங்கு போடுகிறது. அதனால் இரவில் விளக்கைச் சுற்றி வளையம் தெரியலாம், எதிரே வரும் லாரியின் வெளிச்சம் சிதறலாம், இருட்டில் வரப்பும் சேறும் பிரிந்து தெரிவது குறையலாம். பெரும்பாலோருக்குச் சில மாதங்களில் பழகிவிடும். சிலருக்குப் பழகுவதே இல்லை. இரவில் வண்டி ஓட்டுகிறவரும், விடியுமுன் டார்ச்சோடு மடை பார்க்கப் போகிறவரும் இதை முன்பே தெரிந்துகொள்ள வேண்டும்.

எல்லாக் கண்ணுக்கும் மல்டிஃபோகல் பொருந்தாது. நெல் சுணையோ வைக்கோலோ குத்தி, பூஞ்சைப் புண் வந்து ஆறியதில் கருவிழியில் தழும்பு விழுந்தவர்கள் டெல்டாவில் உண்டு. அவர்களுக்கும், சர்க்கரை நோயால் விழித்திரை கெட்டவர்களுக்கும், முற்றிய கிளாக்கோமா உள்ளவர்களுக்கும் பொதுவாக இந்த லென்ஸ் ஏற்றதல்ல.

"புரை நன்றாக முற்றட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்பது லென்ஸே இல்லாத காலத்துப் பழக்கம். அந்தக் காலத்திலேயே தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி கண் நோயாளிகளின் கண்களைப் படமாக வரையச் செய்து வைத்த சிகிச்சைக் குறிப்புகள் சரசுவதி மகால் நூலகத்தில் இருக்கின்றன. அவர் 1832-இல் காலமானார். கண்ணுக்குள் முதல் லென்ஸை லண்டனில் கண் மருத்துவர் ஹரோல்ட் ரிட்லி வைத்ததோ 1949-இல். மதுரையில் ஆரோலேப் என்ற லென்ஸ் தயாரிப்பு நிறுவனம் 1992-இல் தொடங்கிய பிறகே ஏழைக்கும் எட்டுகிற விலைக்கு லென்ஸ் வந்தது. இன்று முற்ற விட்டால் புரை கல்லாக இறுகி ஆபரேஷன்தான் சிரமமாகும். சம்பா அறுவடைத் தூசியில் நிற்கிற வாரங்களைத் தவிர்த்து நாள் குறிப்பது மட்டும் புத்திசாலித்தனம்.

"புரை திரும்ப வளருமாமே?" வளராது. லென்ஸுக்குப் பின்னால் இருக்கும் சவ்வு சிலருக்கு மங்கும். சில நிமிட லேசரில் சரியாகிவிடும், லென்ஸை மாற்ற வேண்டியதில்லை.

டாக்டரிடம் உங்கள் வேலையைச் சொல்லுங்கள், விழித்திரை ஸ்கேன் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். சாதாரண லென்ஸிலேயே ஒரு கண்ணைத் தூரத்துக்கும் மற்றதைக் கிட்டத்துக்கும் அமைக்கும் வழியும் உண்டு. உங்களுக்கு அது ஒத்துவருமா என்றும் கேட்டுவிடுங்கள்.