கிரிப்ட் கரைந்துபோன தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

வாட்சப்பில் நீ அனுப்பிய ஏழு படங்களும் வந்து சேர்ந்தன. ஏழிலும் தொட்டியின் முன்பக்கம்தான் தெரிகிறது. கீழே ஒரே ஒரு கேள்வி: "எந்த உரம் அண்ணே போடணும்?" உரத்துக்கு மெதுவாக வருவோம். மூன்றாவது படத்தில், தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, கண்ணாடியில் சுண்ணாம்பு பூசினது போல ஒரு வெள்ளைக் கோடு இருக்கிறதே, அதை நீ கவனித்தாயா? எனக்கு முதலில் பட்டது அதுதான்.

அதற்கு முன், நீ ராத்தூக்கம் கெட்டு அழுத விஷயம். கொளத்தூரிலிருந்து பார்சலில் வந்த கிரிப்டோகோரைன் ஐந்தாம் நாளே கூழாகிவிட்டது என்கிறாய். செத்தது செடி இல்லை, இலை. இடம் மாறினாலோ, தண்ணீரோ வெளிச்சமோ சட்டென்று மாறினாலோ கிரிப்ட் இலைகளைக் கொட்டிவிடும். அதோடு, நர்சரிகளில் இந்தச் செடிகளைப் பெரும்பாலும் வேர் மட்டும் ஈரத்தில் நிற்க, இலை காற்றில் இருக்கும்படிதான் வளர்க்கிறார்கள். காற்றில் வளர்ந்த இலைக்குத் தண்ணீருக்குள் மூச்சுவிடத் தெரியாது. அதை உதிர்த்துவிட்டு, தண்ணீருக்கென்றே மெல்லிய புது இலையை விடும். மூன்று, நான்கு வாரம் ஆகும். கூழான இலையை மட்டும் கிள்ளி எடு. வேர் வெள்ளையாக இருக்கிறதா என்று பிடுங்கிப் பார்க்கும் ஆசை வரும், அந்தக் கையைக் கட்டிப்போடு. பிடுங்கிப் பார்த்தால் கணக்கு மறுபடியும் முதல் நாளிலிருந்து தொடங்கும்.

"அது நம்ம ஊருச் செடி இல்ல அண்ணே, அதான்" என்று வேறு எழுதியிருக்கிறாய். நீ வாங்கிய வெண்டி வகை இலங்கையின் ஓடைகளுக்கே உரியது. காரைக்குடிக்கும் இலங்கைக்கும் எவ்வளவு தூரம்? அதே குடும்பத்துச் செடி ஒன்று நாட்டு மருந்துக் கடையில் நாட்டு அதிவிடயம் என்ற பெயரில் கிழங்காக விற்கிறது. ஆகவே ஊரைக் குறை சொல்லாதே.

வாலிஸ்னேரியா விஷயம் வேறு. அது எப்போதும் தண்ணீருக்குள்ளேயே வளர்வது, அதற்கு இந்த இலை மாற்றும் சாக்கு கிடையாது. உன் படத்தில் குருத்தே மணலுக்குள் புதைந்திருக்கிறது. மிதந்துவிடுமோ என்று பயந்து அழுத்திவிட்டாய். வேர் மட்டும் உள்ளே போகட்டும். வெள்ளையும் பச்சையும் சந்திக்கும் கழுத்து வெளியே தெரிய வேண்டும். நடவில் கழுத்து மூழ்கினால் பயிர் அழுகும் என்று உங்கள் வீட்டில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

இனி அமேசான் ஸ்வார்டு. இதைத்தான் நீ சரியாகப் படம் எடுத்திருக்கிறாய். கீழே இருக்கும் கிழட்டு இலைகள் பச்சையாகவே இருக்கின்றன. நடுவில் புதிதாக வந்த இரண்டு இலைகள் மட்டும் வெளிறி, நரம்பு மட்டும் பச்சைக் கோடாகத் தெரிகிறது. செடி பேசும் மொழி இதுதான், தம்பி. நைட்ரஜன், பொட்டாசியம், மெக்னீசியம் குறைந்தால் செடி பழைய இலையிலிருந்து எடுத்துக் குருத்துக்குக் கொடுக்கும். அதனால் பழைய இலை மஞ்சளாகும். பொட்டாசியம் போதாவிட்டால் அதே பழைய இலையில் ஊசி குத்தியது போல ஓட்டை விழும். இரும்பையும் கால்சியத்தையும் செடியால் அப்படி இடம் மாற்ற முடியாது. அவை குறைந்தால் அடி வாங்குவது குருத்துதான். உன் ஸ்வார்டுக்கு இரும்பு கிடைக்கவில்லை. இல்லை என்பதும் கிடைக்கவில்லை என்பதும் ஒன்றல்ல. நீ ஏற்கெனவே ஒரு பாட்டில் இரும்பு ஊற்றியாயிற்று. அப்படியிருந்தும் ஏன் கிடைக்கவில்லை?

இப்போது அந்த வெள்ளைக் கோட்டுக்கு வா. போனில் நீயே சொன்னாய்: "தண்ணியே மாத்துறதில்ல அண்ணே, குறையறத மட்டும் போர் தண்ணி விட்டு நெரப்பிடுவேன்." பார்க்கப் புத்திசாலித்தனம்தான், ஆனால் ஆவியாகிப் போவது வெறும் தண்ணீர். உப்பும் சுண்ணாம்பும் தொட்டியிலேயே தங்கும். உன்னுடையது சுமார் 50 லிட்டர் பிடிக்கும் இரண்டடித் தொட்டி. கோடையில் நாளுக்கு ஒரு லிட்டர் வற்றுகிறது என்று வை. 50 நாளில் ஒரு முழுத் தொட்டித் தண்ணீர் ஆவியாகி, அதன் உப்பு முழுக்க உள்ளே நிற்கிறது, கடினம் இரட்டிப்பு. உன் வீட்டுப் போர் தண்ணீரில் சோப்பு நுரைக்காது என்று உன் அம்மாவே அலுத்துக்கொண்டார்கள். அதை இரட்டிப்பாக்கினால் என்ன ஆகும்? பிஎச் எட்டுக்கு மேல் ஏறி உட்காரும். அங்கே இரும்பு துருவாகப் படிந்துவிடும், செடியின் வாய்க்கு எட்டாது.

இன்னொன்று, பாட்டிலின் பின்பக்கத்தைப் படி. இரும்பைப் பிடித்து வைக்கும் சேர்மத்தின் பெயர் அங்கே இருக்கும். ஈடிடிஏ என்றிருந்தால் நம் தண்ணீரில் அது சீக்கிரம் கையை விட்டுவிடும். டிடிபிஏ இன்னும் கொஞ்சம் தாங்கும். கடினத் தண்ணீருக்கு ஏற்றது ஈடிடிஹெச்ஏ; தண்ணீரை இளஞ்சிவப்பாக்கும், பயந்துவிடாதே.

அப்படியானால் முழுக்க ஆர்ஓ தண்ணீரையே ஊற்றிவிடலாமா என்று உடனே கேட்பாய். நீ ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குத் தாவுகிறவன். ஆர்ஓ தண்ணீரில் கால்சியமும் மெக்னீசியமும் ஏறக்குறைய இல்லை. அதில் குருத்து சுருண்டு வரும், நத்தையின் ஓடு அரிக்கும். வற்றியதை நிரப்ப மட்டும் ஆர்ஓ. வாரம் ஒரு முறை 10 லிட்டர் எடுத்துவிட்டு, பாதி போர், பாதி ஆர்ஓ கலந்து ஊற்று. முனிசிபல் குழாய்த் தண்ணீர் வருகிற நாளில் வாளியில் பிடித்து ஓர் இரவு திறந்து வை, குளோரின் போய்விடும்.

மழைத் தண்ணீர் இதைவிட நல்லதுதான். ஆனால் அதில் நான் பட்ட அடியைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் அப்பத்தா வீட்டில் மழை நாளில் முற்றத்துத் தாழ்வாரம் சொட்டும் மூலைகளில் செப்பு அண்டாக்கள் நிற்கும். ஓர் ஐப்பசியில், புளி போட்டுத் துலக்கிப் பளபளவென்றிருந்த அண்டாவில் இரண்டு நாள் நின்ற தண்ணீரை, பெரிய ஆராய்ச்சிக்காரன் மாதிரி என் தொட்டியில் கொட்டினேன். மறுநாள் காலை நத்தைகள் எல்லாம் ஓட்டுக்குள் சுருங்கி அடியில் கிடந்தன. ஒரு வாரத்தில் வாலிஸ்னேரியா கண்ணாடி போலாகிக் கரைந்தது. மென்மையான, லேசாகப் புளிப்பேறிய மழைத் தண்ணீர் செம்பைக் கரைத்துக்கொள்ளும். மனிதனுக்கு நல்லதென்று குடிக்கிற செம்புத் தண்ணீர் நத்தைக்கும் இறாலுக்கும் விஷம், செடிக்கும் ஆகாது. மீன் மருந்துகள் சிலவற்றில் செம்பு இருப்பதையும் இதோடு நினைவில் வை. பிளாஸ்டிக் வாளியில் பிடி, தம்பி. அழகாக இருக்காது.

வெளிச்சத்தைப் பற்றி. ஜப்பானியர் தகாஷி அமானோவின் படங்களைப் பார்த்துத்தான் பன்னிரண்டு மணி நேரம் விளக்கு போட ஆரம்பித்தாய், இல்லையா? 2015-இல் மறைந்த அந்த மனிதர் லிஸ்பனில் 40 மீட்டர் நீளத்தில் கடைசியாக ஒரு தொட்டி அமைத்தார். எனக்கும் அவர் மேல் பைத்தியம்தான். ஆனால் அவருடைய பாணியில் கரியமில வாயுவை உருளையிலிருந்து விடுவார்கள். நீ விடவில்லை. உண்ண ஒன்றும் இல்லாதவனை நாள் முழுக்க வேலை வாங்குவது போலத்தான் உன் விளக்கு. செடி நின்றுவிடுகிறது, கிடைத்த வெளிச்சத்தைப் பாசி எடுத்துக்கொள்கிறது. ஏழு மணி நேரம் போதும். அதுவும் நீ தொட்டியை வளவில், முற்றத்தை ஒட்டி வைத்திருக்கிறாய். சித்திரை பிறக்கும்போது நடுப்பகல் சூரியன் காரைக்குடிக்கு நேர் மேலே நிற்கும், முற்றத்து வெயில் எங்கே விழும் என்று இப்போதே பார்த்துக்கொள். தண்ணீர் 32 டிகிரியைத் தொட்டால் செடி சம்பாதிப்பதைவிடச் செலவழிப்பது கூடும். தண்ணீர் மேல் சின்ன மின்விசிறி ஓடினால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். கூடவே ஆவியாவதும் ஏறும், ஆர்ஓ கணக்கு ஞாபகமிருக்கட்டும்.

இப்போது உரம். உன் ஸ்வார்டும் கிரிப்டும் பெரும்பாலும் வேரால் உண்பவை. உரம் படாத இடத்துச் செம்மண்ணை எடுத்து, பிசைந்து, கோலிக்குண்டு அளவு உருட்டிக் காயவைத்து, ஸ்வார்டு வேருக்குக் கீழே ஆழமாகச் செருகு. மணலுக்கடியில் பிராணவாயு குறைந்த இடத்தில் மண்ணிலுள்ள இரும்பு கரையும் வடிவத்துக்கு வரும். ஜெர்மனியில் லேட்டரைட் என்ற செம்பாறை மண்ணைத் தொட்டிக்கென்றே பையில் அடைத்து விற்றார்கள். நம் ஊரிலோ அது செருப்பில் ஒட்டிக்கொண்டு வீட்டுக்குள் வருகிறது.

நைட்ரேட் தேவைப்பட்டால் உரக்கடையில் 13-0-45 என்று கேள். அது பொட்டாசியம் நைட்ரேட். உன் தொட்டிக்கு வாரம் அரை கிராம், அதாவது லிட்டருக்குச் சுமார் 6 மில்லிகிராம் நைட்ரேட். கடைக்காரர் 19-19-19 எடுத்துக் கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வா. அதில் அம்மோனியமும் யூரியாவும் உண்டு. பிஎச் கூடிய சூடான தண்ணீரில் அம்மோனியம் அம்மோனியாவாகி மீனைக் கொல்லும். ஆனால் செம்மண் உருண்டையும் 13-0-45உம் இப்போது வேண்டாம். இந்த மூன்று வாரம் தண்ணீரை மட்டும் மாற்று. விளக்கைக் குறைப்பதை வேண்டுமானால் கூடவே செய், மணி பார்ப்பதில் காசு செலவில்லை. எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால், பிழைத்தது எதனால் என்று உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

ஜாவா ஃபெர்ன் இலையின் அடியில் பழுப்புப் புள்ளி என்று ஒரு படம் அனுப்பி, வெட்டவா என்று கேட்டாயே, அது நோயில்லை, வித்துப்பை. அந்த இலையில் குட்டிச் செடி முளைக்கும். கத்தரியை உள்ளே வை.

கழித்த செடிகளை எதிர் ஊருணியில் வீசிவிட்டேன் என்று சிரித்துக்கொண்டே சொன்னாய். அதற்கு மட்டும் எனக்குச் சிரிப்பு வரவில்லை. தென் அமெரிக்கத் தொட்டிச் செடியான கபோம்பா, 2020-இல் கோழிக்கோட்டுப் பக்கம் ஆவளப்பாண்டியில் இளஞ்சிவப்புப் பாயாகப் பூத்து, கூட்டம் கூட்டமாகச் சனங்கள் பார்க்கப் போனார்கள். பார்வைக்கு அழகு, வாய்க்காலுக்கு அடைப்பு. வெயிலில் மொறுமொறுவென்று காயவைத்து வாழைக்குப் போடு. இன்று சாயங்காலமே ஊருணிப் படியில் இறங்கி, மிதப்பது ஏதாவது இருந்தால் அரித்து எடுத்துவிடு.

மூன்று வாரம் கழித்து ஒரே ஒரு படம் அனுப்பு. ஸ்வார்டின் நடுக்குருத்து மட்டும், பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தைப் பிடித்து எடு. வெளிறிய அந்த இரண்டு இலைகளும் இனிப் பச்சையாகாது, அவற்றைப் பார்த்து மனசை விடாதே. அடுத்து வருவதைப் பார்ப்போம். வாலிஸ்னேரியா தப்பவில்லையென்றால் என் தொட்டியில் ஓடித் திரிகிற கொடியில் பத்துக் கன்று வெட்டி, ஈர நியூஸ்பேப்பரில் சுற்றி வைக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை பிளாஸ்டிக் வாளியோடு வா.

அன்புடன்,
அண்ணன்