ஆங்கிலத்துக்கு மொழிபெயர்க்கத் தொடங்கும் இளையவருக்கு: எண்ணும் அளவும்

ஆங்கிலத்தில் அளவு சொல்லும் சொல், அடுத்து வரும் பெயர்ச்சொல்லைப் பார்த்தே அமைகிறது. மெனி, ஃபியூ, செவரல் மூன்றும் எண்ணத்தக்க பெயரின் பன்மையோடு சேரும். மச், லிட்டில் இரண்டும் எண்ண முடியாத பெயரோடு சேரும். சம், எனஃப், எ லாட் ஆஃப் ஆகியவை பொது. தமிழில் 'நிறைய' என்ற சொல் ஆளுக்கும் வரும், தண்ணீருக்கும் வரும். தமிழிலிருந்து மொழிபெயர்ப்பவர் இடறுவது இங்கேதான்.

விதி எளிது, எந்தப் பெயர் எந்தப் பக்கம் என்பதுதான் சிக்கல். பொருளைப் பார்த்து அதை ஊகிக்க முடியாது. நாற்காலியை எண்ணலாம், ஆனால் ஃபர்னிச்சர் பன்மை ஏற்காது. மூன்று பெட்டி இருந்தாலும் லக்கேஜ் ஒருமைதான். அட்வைஸ், இன்ஃபர்மேஷன், எக்விப்மென்ட் ஆகியவையும் இந்தக் கூட்டமே. எண்ணியே ஆகவேண்டும் என்றால் 'எ பீஸ் ஆஃப்' துணைக்கு வரும். ஒரே சொல் இரு பக்கமும் நிற்பதுண்டு: ஹேர் என்றால் தலைமுடி மொத்தமும்; ஹேர்ஸ் என்றால் சட்டையில் ஒட்டிய ஓரிரு இழை. எனவே அகராதியில் ஒவ்வொரு பொருளுக்கும் எதிரே உள்ள, எண்ணத்தக்கதா இல்லையா என்று காட்டும் குறியீட்டைத் தனியாகப் பார்ப்பது அவசியம்.

பன்மைப் பிழையை வாசகர் மன்னித்துவிடுவார். 'எ' என்ற ஓரெழுத்தை விட்டால் பொருளே கவிழும். 'எ லிட்டில் மணி' என்றால் கையில் கொஞ்சம் பணம் இருக்கிறது. 'லிட்டில் மணி' என்றால் பணம் இல்லாத குறை. ஃபியூ, எ ஃபியூ இரண்டுக்கும் இதே வேறுபாடுதான். கதாபாத்திரத்துக்கு நண்பர்கள் உண்டா இல்லையா என்பதே இதனால் மாறிவிடும்.

மச் பெரும்பாலும் கேள்வியிலும் மறுப்பிலும்தான் இயல்பாக ஒலிக்கும். சாதாரண உடன்பாட்டு வாக்கியத்தில் விறைப்பாகத் தெரியும். அங்கே எ லாட் ஆஃப் போதும்.

லெஸ், ஃபியூவர் சண்டை பழையது. எண்ணிக்கைக்கு ஃபியூவர் மேல் என்று 1770-இல் ராபர்ட் பேக்கர் என்பவர் எழுதினார். அவர் சொன்னது தம் விருப்பத்தை. பின்வந்தோர் அதைச் சட்டமாக்கிவிட்டார்கள். குறைவான பொருள் வாங்குவோர் வரிசையில் இருந்த 'டென் ஐட்டம்ஸ் ஆர் லெஸ்' என்ற பலகை கண்டனத்துக்கு ஆளாகி, 2008-இல் பிரிட்டனின் டெஸ்கோ கடைகள் 'அப் டு டென் ஐட்டம்ஸ்' என்று மாற்றிக்கொண்டன. தொலைவு, நேரம், பணம் ஆகியவற்றுக்கு எண் இருந்தாலும் லெஸ்தான் வழக்கம். மற்ற பன்மைகளுக்கு, பேச்சு வசனத்தில் லெஸ் வந்தால் தப்பில்லை; கட்டுரை நடையில் ஃபியூவர் எழுதுவதே பாதுகாப்பு.